ஜூன் முதல் ஞாயிறு வருவீங்கள்ல?

கொடைக்கானலில் பாய்மர மாதிரிப் படகு கட்டி, கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும் எங்கள் சிறு கூட்டத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மார்கழியில் என் புதுப் படகு வில்பட்டிக் குட்டையில் இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்படிக்கா இத்தன வருசமா சலிக்காம செய்றீங்க?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன். பதில் முழுக்க நீங்கள்தான்.

ஆசை எல்லோருக்கும் வருகிறது. வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, படகின் விலா எலும்புகளான வங்குகளை அறுத்து, வரிசையாக நிறுத்தி வைக்கும்வரை அது கூடவே வரும். அதற்குப் பிறகு வருவது தேய்ப்பு. வாரக்கணக்கில் உப்புத்தாள், தூசி, மறுபடி பூச்சு, மறுபடி உப்புத்தாள். படகு ஒரு அங்குலம்கூட முன்னேறாததுபோல் தோன்றும் மாதங்கள் அவை. அந்த மாதங்களைத் தனி ஆளாகக் கடந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது ஒருவர் வந்து எட்டிப் பார்க்க வேண்டும், எப்போது முடியும் என்று கேட்க வேண்டும். எனக்கு அப்படிக் கேட்க ஆள் இருந்தது.

மூஞ்சிக்கல் பேக்கரி அண்ணனிலிருந்து தொடங்குகிறேன். படகின் உடலுக்கு வெளியே கண்ணாடியிழைத் துணி போர்த்தி எபாக்ஸிப் பிசின் பூசுவோம். பத்து டிகிரி குளிர்ந்தால் எபாக்ஸி இறுக ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊரில் பூசினால் காலையில் பிசுபிசுவென்று ஒட்டும். ஈரத்தில் மேலே எண்ணெய்ப் படலம்போல ஒன்று படியும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சு பிடிக்காது. "அடுப்புச் சுவருக்குப் பின்னால விறகுக் கொட்டாய் எப்பவும் கதகதப்பா இருக்கும், ராத்திரி அங்க வச்சுட்டுப் போம்மா" என்றார் அண்ணன். ரொட்டிப் பக்கம் வாடை போகாமல் கதவை அடைத்துத் தந்ததும் அவர்தான். போன மழைக்காலத்தில் எங்கள் கூட்டத்தின் எல்லாப் படகுகளும் அந்தக் கொட்டாயில்தான் இறுகின.

வத்தலக்குண்டு லேத் பட்டறைத் தம்பிக்கும் நன்றி. எங்கள் படகு 'இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்' வகை. நீளம் ஒரு மீட்டர், மொத்த எடை நாலு கிலோவுக்குக் குறையக் கூடாது, அதில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் ஈயக்குண்டு. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட ஈயம் என்றாலும் ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும், அவ்வளவு கனத்த உலோகம். கார் சக்கரத்தில் அடிக்கும் பழைய எடைகளைச் சேர்த்து உருக்கினார் தம்பி. ஈயம் 327 டிகிரியில் உருகும். நடுவே கலந்திருக்கும் துத்தநாக எடைகள் உருக 420 டிகிரி வேண்டும், அதனால் அவை மேலே மிதக்கும். அள்ளி எறிந்துவிடுவார். ஈயப் புகை உடம்புக்கு ஆகாது என்று எங்களை எட்டியே நிற்கவைத்து, திறந்த வெளியில், முகமூடியோடு வார்த்தார். கூலி கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், ஆனால் "குண்டு தண்ணிக்குள்ள போற அன்னிக்கு என்னைக் கூப்பிடணும்" என்ற நிபந்தனையோடு. நிபந்தனைக்காகவே நாங்கள் ஒரு தேதி குறிக்க வேண்டியதாயிற்று.

இனி நாயுடுபுரத்துத் தோணி ஐயா. தூத்துக்குடித் தோணித்துறையில் தச்சு வேலை பார்த்து ஓய்ந்து, மகள் வீட்டோடு மலைக்கு வந்தவர். என் ஜெராக்ஸ் கடைக்கு ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர், மூலையில் கவிழ்த்து வைத்திருந்த படகுக் கூட்டைப் பார்த்துவிட்டுக் கார்டை மறந்தார். கிட்டே போய்க் குனிந்தார். "அணியத்துல ஒரு பள்ளம் இருக்கு தாயி" என்றார், படகின் முன்மூக்கைக் காட்டி. எனக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் முன்னிருந்து பின்னாகத் தடவச் சொன்னார். கைக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அவரிடம் படித்தது கொஞ்சநஞ்சமல்ல. உடலை மூடும் மெல்லிய மரப் பட்டைகளை ஒட்டுவதற்கு முன்பே வங்குகளின் மேல் மெல்லிய சட்டம் ஒன்றை நெடுக வளைத்து வைத்துப் பார்க்க வேண்டும்; சட்டம் எந்த வங்கைத் தொடாமல் போகிறதோ அங்கே பின்னால் பள்ளம் விழும். பட்டைகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும், ஒரு பக்கமே ஒட்டிக்கொண்டு போனால் ஏரா, அதாவது நடு அடிக்கட்டை, முறுக்கிக்கொள்ளும். உப்புத்தாளை விரலால் பிடித்துத் தேய்க்கக் கூடாது, ஒரு முழ நீளக் கட்டையில் ஒட்டித் தேய்க்க வேண்டும். தேய்க்கும் முன் உடல் முழுக்கப் பென்சிலால் கிறுக்கிவிட்டால், தேய்த்த பிறகும் கிறுக்கல் மிஞ்சும் இடம்தான் பள்ளம். டன் கணக்கில் சரக்கேற்றும் தோணிக்கு என்ன கவனமோ, மூன்று மில்லிமீட்டர் பால்சா மரப் பட்டைக்கும் அதே கவனம் அவருக்கு. கொடை ஏரியை 1863-இல் உண்டாக்கிய லெவிஞ்ச் துரை முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வதுண்டு. அதைச் சொன்னபோது ஐயாவுக்கு வந்த சிரிப்பை மறக்க மாட்டேன்.

குட்டைக் கரையில் முதல்நாள் நின்றபோது அவர் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. "காத்து வெரசாத்தான் வருது. ஆனா அதுக்குக் கை பலம் இல்லையே." இதை எங்கள் கூட்டத்தில் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் தங்கச்சியிடம் கேட்டேன். ஐயா சொல்வது சரி என்றாள். 2,100 மீட்டர் உயரத்தில் காற்று கடற்கரையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் பாயைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறையும். இந்தப் படகுக்குப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று பாய்த்தொகுதிகள் உண்டு. கடற்கரைக்காரர் நடுத்தரப் பாய்க்கு மாறும் காற்றிலும் நாம் பெரிய பாயோடு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். அதன்பின் எங்கள் ஓட்டமே மாறிவிட்டது. ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து நன்றி.

குட்டை தந்த வில்பட்டி அண்ணனுக்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வது? கொடை ஏரி அறுபது ஏக்கர், நட்சத்திர வடிவம், பார்க்க அழகு. ஆனால் மிதிபடகுகளுக்கு நடுவே ஒரு மீட்டர் பாய்மரத்தை ஓட்ட முடியாது; கரையோரப் பாசி, ஈயக்குண்டைத் தாங்கும் அடிச்சிறகில் சிக்கினால் படகு நின்ற இடத்தில் நிற்கும். எங்களுக்கு வேண்டியது பாசி இல்லாத, இடுப்பளவு ஆழமுள்ள நீர். படகின் அடிப்பாகமே 42 சென்டிமீட்டர்வரை கீழே இறங்கும், முழங்கால் தண்ணீர் போதாது. அண்ணனின் பூண்டுக்கும் கேரட்டுக்குமான பாசனக் குட்டை அது. மாசி, பங்குனியில் நீர் இறங்கும்போது, சனிக்கிழமை பாய்ச்ச வேண்டிய முறையைத் திங்களுக்குத் தள்ளிப் போட்டார், நாங்கள் ஞாயிறு ஓட்டுவதற்காக. வெள்ளாமை செய்கிறவர் தண்ணீரை இன்னொருவர் விளையாட்டுக்காக இரண்டு நாள் நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று மலைக்காரர்களுக்குத் தெரியும். அண்ணி ஒவ்வொரு வாரமும் கொடுத்தனுப்பும் சுக்குக் காபியை இங்கே எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அடுத்து என் போட்டியாளர், அட்டுவம்பட்டி வயரிங் அண்ணன். தொடக்கத்திலேயே மூன்று விஷயங்களில் கறாராக நின்றவர். ஒரு நிமிட எண்ணிக்கை ஒலித்து முடியும் முன் கோட்டைத் தாண்டியவர் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். இடப்பக்கமிருந்து காற்று வாங்கி வரும் படகு, வலப்பக்கமிருந்து காற்று வாங்கி வரும் படகுக்கு வழிவிட வேண்டும். தவறு செய்தவர் வாதாடாமல் உடனே ஒரு சுற்று சுற்றித் தண்டனையை முடித்துக்கொள்ள வேண்டும். உலகமெங்கும் உள்ள விதிதான். நாலைந்து பேர் ஓட்டும் குட்டையில் எதற்கு இத்தனை என்று சிலருக்குத் தோன்றியது. சின்னக் கூட்டத்துக்குத்தான் விதி அதிகம் வேண்டும் என்பது என் கருத்து. ஒரே ஒரு மனக்கசப்பு போதும், கூட்டமே கலைந்துவிடும். கடைசி ஓட்டத்தில் ஆளுக்காள் படகை மாற்றிக்கொள்வதும் அவர் கொண்டுவந்த வழக்கம். தோற்றுக்கொண்டே இருந்தவர், முதலாவதாக வரும் படகின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பாதி வித்தை பிடிபட்டுவிடும். போன தையில் என் சர்வோ (பாயையும் சுக்கானையும் இயக்கும் சிறு மோட்டார்) உயிரை விட்டபோது, தன் பெட்டியிலிருந்த மாற்று சர்வோவை எடுத்துத் தந்து, அதே படகிடம் அரைப் படகு நீளத்தில் தோற்றுச் சிரித்தவரும் அவரே.

ஆனால் அவருக்கு நான் பட்ட பெரிய கடன் சர்வோ அல்ல. அப்பா போன பிறகு படகுப் பக்கமே நான் போகவில்லை. பாதிப் பட்டை ஒட்டிய உடல் பின் தாழ்வாரத்தில் துணி போர்த்திக் கிடந்தது. யாரும் வந்து புத்தி சொல்லவில்லை, அதற்கே முதலில் நன்றி. ஒரு வியாழன் இரவு அண்ணன் தன் படகைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க வீட்ல இடம் பத்தலம்மா, இங்க உக்காந்து தேய்ச்சுக்கவா?" என்றார். தேய்த்தார். ஒரு மணி நேரம் ஆனதும் எழுந்து போனார். அடுத்த வியாழனும் வந்தார். எத்தனையாவது வியாழன் என்று நினைவில்லை, நானும் துணியை விலக்கினேன். அவர் வீட்டில் இடம் தாராளமாக இருந்தது என்று அவர் மனைவி பின்னால்தான் சொன்னார். அந்த வியாழன்கள் இன்றும் தொடர்கின்றன. இப்போது தாழ்வாரத்தில் நாலு படகுகள். இடத்தை ஒழித்துத் தந்த அத்தைக்கும், தூசியைப் பொறுத்துக்கொள்ளும் என் வீட்டுக்காரருக்கும் இந்த இடத்திலேயே நன்றி.

எங்கள் கணக்குப்பிள்ளை, ஒன்பதாம் வகுப்புப் பாப்பாவுக்கு வருகிறேன். முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று புள்ளி போட்டு, ஒவ்வொருவருக்கும் மோசமான ஒரு ஓட்டத்தை நீக்கி, கூட்டுத்தொகை குறைந்தவரை முதல்வர் என்று அறிவிப்பது அவள் வேலை. யாரும் சொல்லாமலே 'ஏன்' என்று இன்னொரு கட்டம் போட்டாள். 'பனி மூட்டம், படகு தெரியல', 'பாய்க்கயிறு இறுக்கமா இருந்துச்சு', 'காத்து திரும்புறத லேட்டா பாத்தாங்க' என்று அதில் எழுதுகிறாள். எப்போதும் கடைசியாக வரும் தம்பி அந்த நோட்டைப் புரட்டித்தான் தன் படகு திரும்பும் ஒவ்வொரு முறையும் வேகம் இழப்பதைக் கண்டுபிடித்தான். இடம் மாறவில்லை, ஆனால் இப்போது முன்னால் போகும் படகை ஒட்டியே வருகிறான், ஒரு வாரமும் தவறுவதில்லை. நான் வராத நாட்களில் என் பெயருக்கு நேராகக் கோடு போடாமல் வெறுமையாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க வருவீங்கன்னுதான்க்கா."

டென்ட் கடை பாய், படகுப் பாய் தைத்துப் பழக வெட்டுத்துணி தந்தீர்கள். திண்டுக்கல்லிலிருந்து வரைபடத் தாள் சுமந்து வந்த பஸ் கண்டக்டர் அண்ணே, உங்களுக்கும் நன்றி.

சித்திரை, வைகாசி சீசனில் நம் எல்லோருக்கும் கடைதான் முதல் வேலை. ஜூன் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வில்பட்டிக் குட்டையில் மறுபடி கூடுகிறோம். அப்போது மேல்காற்று தொடங்கியிருக்கும், மூன்றாம் எண் சிறிய பாயை மறக்காமல் எடுத்து வாருங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டிப் பார்க்க என் பழைய படகு சார்ஜ் ஏற்றித் தயாராக இருக்கும்.

நன்றியுடன்,
மூஞ்சிக்கல் ஜெராக்ஸ் கடை அக்கா