பெரிய குளம் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் குழு சார்பா வணக்கம். வரத்து வாய்க்கால் தூர் எடுத்தாச்சு, மதகு ஷட்டர் புதுசு, கிழக்குப் படித்துறை கல்லெல்லாம் எடுத்துக் கட்டியாச்சு, குளத்துல இந்த மழைத் தண்ணியும் நின்னுருச்சு. வரவு செலவு ஆடிட்டர் கையெழுத்தோட கோயில் ஆபீஸ்ல இருக்கு, யாரு வேணா வந்து பாக்கலாம். ஆனா நிறைய பேரு கேட்டுக்கிட்டே இருக்குறது வேற: ஜேசிபி நின்னப்பவே நடுவுல 20 அடிக்குத் தோண்டியிருக்கலாமே, தென்மேற்குக் கரையில இருந்த மரத்தை ஏன் எடுத்தீங்க. இதுக்கு விளக்கமா பதில் சொல்லணும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின கோடைல ஒரு நாள் விடியக்காலம், கெண்டையெல்லாம் வாயை மேல தூக்கிக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள செத்து மிதந்துச்சே, அப்ப யாரோ மருந்து கலந்துட்டாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. மருந்தும் இல்ல ஒண்ணும் இல்ல. பகல் வெயில்ல மேல் தண்ணி சூடாகி லேசாயிடும், கீழ் தண்ணி குளுந்து கனமா அடியிலயே கிடக்கும். அதுவும் நம்ம ஊர் மாதிரி 30 டிகிரி தண்ணில ஒரு டிகிரி கூடினா வர்ற எடை வித்தியாசம், குளிர் நாட்டு 4, 5 டிகிரி தண்ணில வர்றதைவிட 30 மடங்குக்கும் மேல, அதனால ரெண்டு டிகிரி வித்தியாசமே மூடி போட்ட மாதிரி ஆயிடும். காத்துல இருக்குற ஆக்சிஜன் அடிக்குப் போகாது, அடிச்சேறு இருக்குறதையும் தின்னுடும், அழுகின முட்டை நாத்தம் அங்கதான் உருவாகுது. ராத்திரி மேல் தண்ணி ஆறி கனமாகி கீழ இறங்கும், காத்தும் சேந்தா குளம் முழுக்கப் புரண்டு கலந்துடும். ஆழமில்லாத குளம் இப்படித் தினமும் புரண்டாத்தான் உயிரோட இருக்கும். நாலஞ்சு நாள் காத்தே இல்லாம புழுக்கமா கிடந்து, சேத்து வச்ச கெட்ட தண்ணி பூரா திடீர்னு ஒரு கோடை மழைல மொத்தமா மேல வந்தா மீன் தாங்காது. அன்னைக்கு நடந்தது அதுதான், முந்தின ராத்திரி பெஞ்ச மழை ஞாபகம் இருக்கும்.

அதனாலதான் 20 அடிக் குழி வேணாம்னோம், நம்ம குளத்து அகலத்துக்கு வீசுற காத்து அவ்வளவு ஆழம் வரைக்கும் கலக்காது, கோடை பூரா அடியில செத்த தண்ணிதான் தங்கும். வறட்சில மீன் ஒதுங்க இடம் வேணும்னு பெரியவங்க சொன்னது நியாயம், அதுக்காக நடுவுல மட்டும் 10 அடி விட்டு மத்த இடம் சரிவா எடுத்தோம். மரம்னு சொல்றது சீமைக்கருவேலம், ஆடிக் காத்தை அதுதான் மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. பனையையும் வேம்பையும் தொடல. இப்ப காத்து மேல் தண்ணியை ஈசானிய மூலைக்குத் தள்ளுது, அங்க கீழ இறங்கி அடி வழியா திரும்பி வருது, சாயங்காலம் கரையில நின்னா நுரை கோடு கோடா அந்தப் பக்கம் போறதைப் பாக்கலாம்.

காத்து அளவுக்கு மீறினாலும் தொந்தரவுதான். சீனாவுல தாய்ஹூ ஏரி 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, சராசரி ஆழம் 2 மீட்டர்கூட இல்ல, அலை அடிச்சா அடிச்சேறு கிளம்பி அதுல இருக்குற உரச்சத்து பாசிக்குத் தீனியாகுது. 2007-ல பாசி மண்டி வூஷி நகரத்துல குடிதண்ணியே நாறிப்போச்சு. நம்ம குளத்துல வண்டலை விவசாயிகளுக்கே குடுத்துட்டோம், வடக்கு ஓரத்துல கோரையை வேணும்னேதான் விட்டு வச்சிருக்கோம், அது அலையை அடக்கும், தயவுசெஞ்சு யாரும் அறுக்காதீங்க. ஆகாயத்தாமரை ஒரு செடி கண்ணுல பட்டாலும் உடனே சொல்லுங்க, அது மூடினா காத்து தண்ணியைத் தொடாது.

அடுத்த மீன் குத்தகை ஏலத்துல சாதாக்கெண்டை விடக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை சேக்கணும்னு குழு கேட்டுக்குது, அது அடிச்சேத்தைக் கிண்டிக்கிட்டே திரியும். கட்லா, ரோகு போதும். பொதுக்குழுல இதை ஓட்டுக்கு வைக்கிறோம், எல்லாரும் வந்துருங்க.