துப்பறியும் கதை கேட்டா முகம் சுழிக்காதீங்க

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒக்டோபர் வந்தா தேசிய வாசிப்பு மாதம் எண்டு பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, பதாகையோட ஊர்வலம் எல்லாம் நடக்கும், உங்கட பேப்பர்லயும் 'இந்தக் காலத்துப் புள்ளைகள் வாசிக்கிறதே இல்ல, எந்நேரமும் போன்தான்' எண்டு கடிதங்கள் வரும். எனக்கு அந்தக் கதையில பாதிதான் சரியெண்டு படுது. வாசிக்க ஆசையோட வாற ஆக்கள் இன்னும் இருக்காங்க, ஆனா அவங்க கேக்கிற புத்தகத்த நாங்க மதிக்கிறதில்ல. அதப்பத்திக் கொஞ்சம் விரிவா எழுதணும் எண்டு கனநாளா நினைச்சிட்டு இருந்தன்.

எங்கட பக்கத்து லைப்ரரி ஒண்டுல (பேர் வேணாம்) ஏ/எல் படிக்கிற பொண்ணு ஒண்டு வந்து 'மிஸ், நல்ல பேய்க்கதை இருந்தா தாங்க' எண்டு கேட்டிச்சு. அங்க இருந்தவங்க 'இதெல்லாம் வாசிச்சா மண்டை பழுதாப் போகும் மகள், சோதனை வருதுதானே, பிரயோசனமா ஒண்ட எடுங்க' எண்டு ஆளுமை விருத்தி பத்தின தடிச்ச புத்தகம் ஒண்டத் தூக்கிக் குடுத்தாங்க. நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க, அது எனக்கும் விளங்குது. ஆனா அந்தப் புள்ள அட்டையப் பாத்திட்டு, மேசையில வச்சிட்டு, ஒண்டும் பேசாமப் போயிட்டுது. அது திரும்பவும் படியேறி வருமா? ரியூசன் முடிஞ்சு ஒரு மணித்தியாலம் கிடைச்சா அந்த வயசுல புள்ளைகளுக்குப் போக எத்தனையோ இடம் இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு லைப்ரரிக்கு வந்ததே பெரிய விசயம்.

துப்பறியும் கதை, பேய்க்கதை, குடும்ப நாவல், சரித்திர நாவல், விஞ்ஞானக் கதை, இதெல்லாம் பொழுதுபோக்குச் சாமான், இலக்கியம் வேற எண்டு கனபேர் நினைக்கிறாங்க. இலங்கையில எழுதின முதல் தமிழ் நாவல் எண்டு நாங்க பெருமையாச் சொல்ற சித்திலெப்பையின்ட அசன்பேயுடைய சரித்திரம், 1885இல வந்தது, அதுவே எகிப்துப் பக்கம் நடக்கிற ஒரு சாகசக் கதைதான். அதுக்குப் பிறகும் மித்திரன் தொடர்கதைக்காகப் பேப்பர் வர முன்னமே கடைவாசல்ல நிண்ட சனம் எங்கட சனம்தான், எழுபதுகள்ல வீரகேசரி பிரசுர நாவல்கள் கைக்குக் கை மாறி அட்டை கழண்டு போகுமட்டும் வாசிச்சதும் எங்கட வீட்டு ஆக்கள்தான். உம்மாமாரும் அம்மாமாரும் சமையல முடிச்சிட்டு மத்தியானம் கதைப்புத்தகத்தோட பாயில சாஞ்சாத்தான் அண்டைக்கு அவங்களுக்கு ஓய்வு. அந்தப் பழக்கத்துலதான் நாங்களும் எழுத்துக்கூட்டிப் பழகினம்.

கதைப்புத்தகம் எடுத்துக் குடுக்கிறதும் ஒரு தொழில் நுணுக்கம்தான் எண்டு நான் நினைக்கிறன். சீர்காழியில பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினவர், உலகம் முழுக்க இண்டைக்கும் படிப்பிக்கிறாங்க. அதுல ரெண்டாவது விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், மூணாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்குரிய வாசகர். இந்த வாசகர் தகுதியான ஆள், இந்தப் புத்தகம் தரமானது எண்டு எந்த விதியிலயும் அவர் பிரிக்கல்ல. அமெரிக்காவில சியாட்டில் நகரத்துல நூலகராயிருந்த நான்சி பேர்ள் சொல்ற ஒரு முறையும் எனக்கு மிச்சம் புடிக்கும். ஒரு கதைக்குள்ள போறதுக்கு நாலு வாசல் இருக்காம், கதையோட்டம், கதாபாத்திரம், கதை நடக்கிற இடம், மொழி. ஒரு ஆளுக்கு எந்த வாசல் புடிக்குமெண்டு தெரிஞ்சா அடுத்த புத்தகத்தத் தேடி எடுத்துக் குடுக்கிறது லேசு. அதுக்கு 'என்ன புத்தகம் வேணும்' எண்டு கேட்டாக் காணாது, கனபேருக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியாது. 'கடைசியா வாசிச்சதுல எது புடிச்சிது, அதுல என்ன புடிச்சிது' எண்டு கேட்டா அவங்களாவே கதைக்கத் தொடங்கிருவாங்க.

துப்பறியும் கதை எண்டு கேக்கிற எல்லாரும் ஒண்டையே கேக்கிறதில்ல எண்டு இத வச்சே விளங்கும். ஒரு ஆளுக்கு வேகம் வேணும், சின்னச்சின்ன அத்தியாயம், ஒவ்வொண்டும் திடுக்கெண்டு முடியணும், அவருக்கு ராஜேஷ்குமார எடுத்துக் குடுக்கலாம். இன்னொரு ஆளுக்கு வேகத்த விடப் பேச்சும் நக்கலும் நீதிமன்ற வாதமும்தான் புடிக்கும், அவருக்கு சுஜாதாவின்ட கணேஷ், வசந்த். அந்த சுஜாதாவ வாசிச்ச பொடியன் கம்பியூட்டர், ரோபோ எண்டு கதைச்சா என் இனிய இயந்திராவக் குடுங்க, ஜீனோ எண்ட ரோபோ நாய அவன் மறக்கமாட்டான். பேய்க்கதை கேட்ட அந்தப் புள்ளையிட்டயும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், 'பயப்படணுமா மகள், இல்லாட்டி கோயில், சித்தர், பழைய வீடு மாதிரி மர்மம் இருந்தாக் காணுமா' எண்டு. ரெண்டாவது எண்டா இந்திரா சௌந்தர்ராஜன் புத்தகம் எந்த லைப்ரரியிலயும் ஒண்டு ரெண்டாவது கிடக்கும்.

சரித்திர நாவலுக்கும் இதேதான். பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு கனபேர் அந்தப் புத்தகத்தத் தேடி வந்தாங்க, முடிச்சவங்க 'இனி என்னத்த வாசிக்க' எண்டு கேப்பாங்க. கடல்பயணமும் போர்த்தந்திரமும் புடிச்ச பெரிய ஆக்களுக்கு சாண்டில்யன் சரி, ஆனா அதுல சிருங்கார வர்ணனை கொஞ்சம் தூக்கலா இருக்கும், ஓ/எல் படிக்கிற புள்ளைக்கு எண்டா கல்கியின்ட மத்த நாவல முதல்ல குடுத்திட்டு சாண்டில்யனப் பிறகு பாக்கலாம். இப்பிடிச் சொல்ல வாசிச்ச ஆளாலதான் ஏலும். எங்கட காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துல தாய்மார் 'புள்ள வாசிக்க ஏத்ததுதானே' எண்டு முதல்ல கேப்பாங்க, அது நியாயமான கேள்வி, அதுக்கு நேர்மையாப் பதில் சொல்லத் தெரிஞ்சவங்க மேசையில இருக்கணும். பழைய பாக்கெட் நாவல் சிலதுல அட்டையும் உள்ளுக்கு இருக்கிறதும் பொம்பளைகளக் கேவலப்படுத்துற மாதிரித்தான் இருக்கும், அதப் பிரிச்சு எடுக்கிறதுல எனக்கு ஒரு மறுப்பும் இல்ல. அதுக்காக மர்மக் கதை முழுக்கக் கூடாதெண்டு பூட்டி வைக்கிறது அநியாயம்.

ரமணிசந்திரன் வாசகிகளப்பத்தித் தனியாச் சொல்லணும், ஏனெண்டா இவங்களத்தான் ஆகக் கூடுதலா இளக்காரமாப் பாக்கிறாங்க. எந்தப் புத்தகத்த வாசிச்சிட்டம் எண்டு மறந்து போகாம இருக்க இவங்க ஒரு குறிப்பிட்ட பக்கத்துல மெல்லிசா ஒரு அடையாளம் போட்டு வைப்பாங்க, பென்சிலால சின்ன வட்டம், ஒரு பூ, பேரிட முதல் எழுத்து. புத்தகத்த எடுத்ததும் நேர அந்தப் பக்கத்தத்தான் புரட்டிப் பாப்பாங்க. புத்தகத்துல எழுதுறது பிழைதான், ஆனா ஒரே பக்கத்துல பத்துப் பன்னிரண்டு வித்தியாசமான அடையாளத்தக் கண்டா அந்தப் புத்தகம் எத்தனை வீட்டுக்குப் போய் வந்திருக்கெண்டு விளங்கும். எந்தப் பதிவேட்ட விடவும் அது நல்ல சாட்சி. இவங்களுக்குக் குடும்பக் கதைதான் வேணும், முடிவு சந்தோசமா இருக்கணும், அவ்வளவுதான். 'எத்தனை நாளைக்கு இதையே வாசிப்பீங்க, கொஞ்சம் மேல வாங்க' எண்டு யாரும் சொல்லத் தேவையில்ல. அவங்களா விரும்பி லக்ஷ்மி, சிவசங்கரி, அனுராதா ரமணன் எண்டு போனாப் போகட்டும், போகாட்டியும் ஒரு குறையும் இல்ல. கடைசிவரைக்கும் குடும்ப நாவல் மட்டும் வாசிச்ச ஆளும் முழு வாசகிதான்.

ராக்கையப்பத்தியும் சொல்ல இருக்கு. நூலக முறைப்படி தமிழ் நாவல் எல்லாம் 894.8113 எண்ட ஒரே இலக்கத்துல வரும். வகைப்படுத்துறவங்களுக்கு அது சரி, ஆனா வாசகருக்கு அந்த இலக்கத்தப் பாத்து எது பேய், எது காதல், எது சரித்திரம் எண்டு எப்பிடித் தெரியும்? இலக்கத்துல கை வைக்கத் தேவையில்ல, புத்தக முதுகுல கலர் ஸ்டிக்கர் ஒட்டினாக் காணும், துப்பறியும் கதைக்குச் சிவப்பு, விஞ்ஞானக் கதைக்கு நீலம் எண்டு ஒரு அட்டையில எழுதிச் சுவர்ல ஒட்டிவிட்டா வாசகர் தானாத் தேடி எடுப்பாங்க. வாசகரின்ட நேரத்த மிச்சப்படுத்துங்க எண்டதும் ரங்கநாதன்ட விதிதான், நாலாவது. திருப்பிக் குடுத்த புத்தகத்த உடனே ராக்கைக்குக் கொண்டு போகாம வாசல் மேசையில கொஞ்சம் விட்டு வைங்க, வாற ஆக்கள் முதல்ல அதத்தான் கிளறுவாங்க. பக்கத்துல ஒரு கொப்பியும் பேனையும் வச்சா வாசிச்சவங்க ஒரு வரி எழுதிட்டுப் போவாங்க, அடையாளமும் அதுக்குப் பிறகு புத்தகத்துக்குள்ள வராது.

தொடர் நாவல் எடுக்கிறவங்கட வயித்தெரிச்சலும் பெரிசு. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், ஒண்டும் மூண்டும் இருக்கும், ரெண்டாம் பாகம் யாரோ எடுத்தது எடுத்ததுதான். மீண்டும் ஜீனோவ முதல்ல வாசிச்சிட்டுப் பிறகுதான் அதுக்கு முன்கதை இருக்கெண்டு தெரிஞ்சு ஏமாந்த புள்ளைகளும் இருக்காங்க, அட்டைக்கு உள்பக்கம் 'இது ரெண்டாவது, முதல்ல என் இனிய இயந்திராவ வாசிக்கவும்' எண்டு ஒரு துண்டு ஒட்டுறதுக்கு எவ்வளவு நேரம் போகப்போகுது? துப்பறியும் நாவல்ல கடைசிப் பக்கம் கிழிஞ்சிருந்தா அதையும் முன்னுக்கே எழுதி வைங்க, கொலைகாரன் ஆரெண்டு தெரியாம நித்திரை வராது.

காசுப் பிரச்சினை எனக்குத் தெரியாம இல்ல. 2022 நெருக்கடிக்குப் பிறகு இந்தியப் புத்தகம் விலை கேட்டாத் தலை சுத்துது, உள்ளூராட்சி சபைக்குக் கிடைக்கிற காசுக்குள்ள பரீட்சை வழிகாட்டிதான் முதல்ல வாங்குவாங்க. ஆனா எங்கட வீட்டு அலுமாரிகள்ல எவ்வளவு பழைய நாவல் கரையான் அரிச்சுக் கிடக்குது, ஒரு நாளைக் குறிச்சு 'கதைப்புத்தகம் கொண்டாங்க' எண்டு லைப்ரரியில அறிவிச்சா மட்டக்களப்புலயிருந்து பொத்துவில் வரைக்கும் சனம் கொண்டு வந்து குடுக்கும். 2005இல தொடங்கின 'நூலகம்' எண்ட இணையத்தளத்துல ஈழத்துப் பழைய நூல்கள், சஞ்சிகைகள் காசில்லாம வாசிக்கலாம், போன் வச்சிருக்கிற புள்ளைக்கு அதக் காட்டிக் குடுக்கிறதும் நூலகத்துட வேலைதான்.

வாற ஒக்டோபர்ல ஒரு பேச்சுப்போட்டியக் குறைச்சிட்டு, லைப்ரரி ஊழியர்களுக்கு ஒரு நாள் இதப்பத்தி ஒரு பயிற்சி வைங்க எண்டு எங்கட மாநகர சபைகளையும் பிரதேச சபைகளையும் கேட்டுக்கொள்றன். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வகையில மூண்டு நாலு புத்தகம் வாசிச்சிட்டு வந்து 'இதுல என்ன இருக்கு, ஆருக்குப் புடிக்கும்' எண்டு தங்களுக்குள்ள கதைச்சாலே காணும், வெளியில இருந்து ஆள் கூப்பிடவும் தேவையில்ல. ஆசிரியர் அவர்களிட்டயும் ஒரு வேண்டுகோள் இருக்கு. ஞாயிறு பதிப்புல கவிதைக்கும் சிறுகதைக்கும் இடம் குடுக்கிறீங்க, அதுல ஒரு மூலையில கிழக்கு மாகாண நூலக வாசகர்கள் தாங்க ரசிச்ச துப்பறியும் கதை, பேய்க்கதை, குடும்ப நாவல் பத்தி எழுதி அனுப்புற நாலு வரியையும் கிழமைக்கு ஒண்டாப் போடுங்க, எந்த லைப்ரரியில அந்தப் புத்தகம் இருக்கெண்ட விபரத்தோட.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
களுவாஞ்சிகுடி.