காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானத்தைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
என்.சி.சி. (தேசிய மாணவர் படை) மாணவ மாணவியர் 14 பேர் மற்றும் அவர்களின் பெற்றோர்,
குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: என்.சி.சி. தலைமைப் பண்பு முகாமுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக, எங்கள் ஊர் அரசுப் பள்ளி மைதானத்தைக் காலை நேரத்தில் திறந்துவிடவும், நின்றுபோன அதிகாலைப் பேருந்தை மறுபடியும் விடவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் 17 வருடம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊருக்கு வந்ததும் ஒரு பலசரக்குக் கடை போட்டேன். கடை சுமாராக ஓடுகிறது. அதைவிட நன்றாக ஓடுவது அதிகாலையில் நான் கொடுக்கும் பயிற்சி. என்ன, அதில் வருமானம் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்னால், கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை கடைக்குச் சீனி வாங்க வந்தாள். "மாமா, லீடர்ஷிப் கேம்புக்கு செலக்‌ஷன் உண்டாம். என்னெல்லாம் கேப்பினும்?" என்றாள். மறுநாள் காலை ஐந்தரைக்குக் கடற்கரைக்கு வரச் சொன்னேன். வந்தாள், கூட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. இன்றைக்கு 14 பேர் வருகிறார்கள். அதில் 9 பேர் பெண்பிள்ளைகள்.

இது என்ன பயிற்சி, எதற்கு என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். மனுக்களைப் பிரிக்கும் இடத்தில் யாராவது இதை 'விளையாட்டு' என்று எழுதி வேறு அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டால், அது சுற்றித் திரும்பி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும்.

என்.சி.சி.யில் சேருவது ஒன்று, தலைமைப் பண்பு முகாமுக்குத் தேர்வாவது வேறு. கல்லூரியில் ஒரு தடவை, பட்டாலியனில் ஒரு தடவை என்று கழித்துக் கழித்துத்தான் ஆள் எடுப்பார்கள். ஓட்டம் பார்ப்பார்கள், ட்ரில் பார்ப்பார்கள். வரைபடம் படிக்கத் தெரிகிறதா, நாலு பேர் முன்னால் நின்று பேச வருகிறதா என்று பார்ப்பார்கள். முகாமுக்குள் போனபிறகு, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.க்குப் பழக்குவதும் அதில் ஒரு பகுதி.

அந்த எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். திரையில் ஒரு சொல் வரும், 15 நொடிக்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி 60 சொல். இக்கட்டான 60 சூழ்நிலைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நீ என்ன செய்வாய் என்று அரை மணி நேரத்தில் எழுதச் சொல்வார்கள். வெளியே மைதானத்தில் தனி ஆளாக மூன்று நிமிடத்தில் பத்துத் தடைகள். அப்புறம் குழுவாக: ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு தருவார்கள். தரையில் கால் படாமல், ஒரு சுமையையும் தூக்கிக்கொண்டு, எல்லாரும் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். அதிகாரி ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். யோசனை சொன்னது யார், அடுத்தவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது யார், பின்னால் நிற்பவளுக்குக் கை நீட்டியது யார் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும்.

என்.சி.சி. தரும் சி சான்றிதழில் குறைந்தது பி கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம் இருந்தால், ராணுவ அதிகாரியாகச் சேர என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி.தான். தேறியவர்களுக்குச் சென்னை பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சி. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. பதினேழு வருடத்தில் நான் சல்யூட் அடித்த அதிகாரிகளில் எங்கள் கடற்கரைக்காரர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. வேறு யூனிட்டுகளில் இருந்திருக்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, பயிற்சிக்கு எங்களிடம் என்ன இருக்கிறது? வாங்கிய சாமான் ஒன்றும் இல்லை. உடைந்த கட்டுமரத்தின் தடி ஒன்றை இரண்டு மணல் மூட்டைமேல் வைத்திருக்கிறோம், அதன்மேல்தான் பிள்ளைகள் நடந்து பழகுகிறார்கள். தாண்டுவதற்கு நான்கு பழைய லாரி டயர். ஏறுவதற்குத் தென்னையில் கட்டிய வலைக்கயிறு. பாம்பு ஓட்டம் என்று ஒன்று உண்டு. நீளமான ஒரு பொதியைக் குழு முழுவதும் சேர்ந்து தூக்கிக்கொண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். அதற்குக் கிழிந்த வலையைச் சுருட்டிச் சாக்கு சுற்றித் தைத்தோம். போன மாதம் பாதி ஓட்டத்தில் அந்தப் பாம்பின் வாயிலிருந்து ஒரு காய்ந்த நண்டு விழுந்தது. அன்றைக்கு அதற்குமேல் பயிற்சி நடக்கவில்லை, சிரிப்புதான் நடந்தது.

முடிச்சுப் போடுவதில் இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. வரைபடப் பாடத்திலும் அப்படித்தான். காம்பஸில் பின்திசைக் கோணம் எடுக்கும் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 180 பாகைக்குக் குறைவாக இருந்தால் 180 கூட்டு, அதிகமாக இருந்தால் கழி. சொல்லி முடிக்கவில்லை, ஒருவன் கேட்டான்: "இது கரைக்குத் திரும்புற கணக்குதானே மாமா?" அப்பாவோடு வள்ளத்தில் போய் ஜி.பி.எஸ். பார்த்து வளர்ந்தவன். ராணுவத்தில் இதே கணக்குக்கு நான் எத்தனை தடவை திட்டு வாங்கினேன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

சிக்கல் பேச்சில்தான். எஸ்.எஸ்.பி.யில் நான்கு தலைப்பு எழுதிய ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். ஒன்றை எடுத்து மூன்று நிமிடம் யோசித்து, மூன்று நிமிடம் பேச வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில் பேசினால்தான் நல்லது. கடலரிப்பைப் பற்றி இவர்கள் தமிழில் மூன்று மணி நேரம் பேசுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுகிறார்கள். "நெஞ்சுக்குள்ள இருக்கு மாமா, வாயில வரமாட்டேங்கு" என்று ஒருத்தி கண் கலங்கினாள். அலைச் சத்தத்துக்கு நடுவே இதைப் பழக்க முடியாது. நாலு சுவரும் ஒரு கரும்பலகையும் வேண்டும். எங்கள் ஊர் நூலகத்தை மாலை ஆறு முதல் ஏழரை வரை, வாரத்தில் இரண்டு நாள் கொடுத்தால் போதும்.

கடற்கரையிலேயே மற்றதைப் பார்த்துக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். மூன்று வருடமாக அப்படித்தான் பார்த்தோம். ஜூன் பிறந்தால் எங்கள் கடல் வேறு கடல். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலும் அந்த நாளில் கொந்தளிக்கும். அலை மணலை அரித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருக்கும் மேட்டில் ஊரார் வள்ளங்களை ஏற்றிப் போட்டுவிடுவார்கள். ஓடுவதற்கு அல்ல, நிற்பதற்கே இடம் இராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வள்ளம் போனால் சோறு போச்சு. அக்டோபரில் அடுத்த மழை தொடங்கிவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், பயிற்சிக்கு அதுவே வினை. கல்லூரி திறந்து தேர்வுக்கு ஆள் பிரிக்கும் மாதங்களில்தான் எங்களுக்கு மணல் இல்லாமல் போகிறது.

பக்கத்திலேயே அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. இருநூறு மீட்டர் ஓடுபாதை போடலாம், சுற்றுச்சுவர் உண்டு, ஒரு விளக்கும் உண்டு. பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை, தங்கள் அலுவலகத்தில் கேட்டால் நேரில் சொல்கிறேன். இது புகார் மனு அல்ல. போன வருடம் இரண்டு தடவை போய்க் கேட்டோம். "பிள்ளைகளுக்குக் கால் உடைந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள், அதுதான் வருத்தம். பூட்டு இன்றைக்கும் தொங்குகிறது. அதே மைதானம் தேர்தல் பொதுக்கூட்டத்துக்குத் திறந்தது, ஒரு கிரிக்கெட் போட்டிக்கும் திறந்தது.

பதிலை இந்த மனுவோடு கொண்டுவந்திருக்கிறோம். 14 பெற்றோரும் தனித்தனியே ஒப்புதல் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முதலில் போட்டவர் ஒரு மீன்விற்கும் அம்மா. அவர் கணவர் 2017-இல் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. இந்த அம்மா விடியும் முன்னே மீன் எடுக்கப் புறப்படும்போது மகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறார். "கடலுக்கு அனுப்பின வீடு சார் இது, மைதானத்துக்கு அனுப்ப யோசிப்பேனா?" என்றார். என் பொறுப்பையும் எழுதிக் கொடுக்கிறேன். முதலுதவிப் பெட்டி என் கடையில் இருக்கிறது, தினமும் கொண்டுவருவேன். காலை ஐந்தரைக்குத் திறந்தால் ஏழரைக்குப் பெருக்கிச் சுத்தம் செய்து சாவியைக் காவலரிடம் கொடுத்துவிடுவோம். பள்ளிப் பிள்ளைகள் வரும்போது நாங்கள் வந்துபோன அடையாளமே இருக்காது.

பேருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஐந்து மணியை ஒட்டி நாகர்கோவிலுக்கு ஒரு பேருந்து இருந்தது, இப்போது இல்லை. அடுத்த வண்டியில் போனால் சனிக்கிழமை பரேடுக்குப் பிள்ளைகள் பாதியில்தான் போய்ச் சேருகிறார்கள். சான்றிதழ்த் தேர்வு எழுத 75 சதவீத வருகை கட்டாயம். ஓட்டத்தில் முதலில் வந்த பையன் வருகைக் குறைவால் தேர்வு எழுத முடியாமல் நின்றதை நான் பார்த்தேன். ஆட்டோவுக்கு 400 ரூபாய் கேட்கிறார்கள். மூன்று சனிக்கிழமை நாங்கள் பங்கு போட்டுக் கொடுத்தோம், நாலாவது சனிக்கிழமை பங்குக்கு ஆள் இல்லை. தினமும் வேண்டாம், சனிக்கிழமை மட்டுமாவது அந்த வண்டியை விடச் சொல்ல வேண்டும். மீன் கூடையோடு போகும் பெண்களுக்கும் அது உதவும்.

இன்னும் ஒன்று. 2020 சுதந்திர தின உரையில் பிரதமர், எல்லையோரமும் கடலோரமும் உள்ள 173 மாவட்டங்களில் என்.சி.சி. விரிவாக்கப்படும், புதிதாக ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி தரப்படும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று அறிவித்தார். எங்கள் கணக்கில் பெண்கள் பாதிக்குமேல். அறிவிப்பு டெல்லியில், பூட்டு எங்கள் ஊரில்.

இந்த மண்ணுக்குப் படைப் பயிற்சி புதிதும் அல்ல. 1741-இல் டச்சுக்காரர்கள் தோற்றது எங்களுக்குப் பக்கத்தில், குளச்சலில். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயே அப்புறம் வென்ற திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் அவர் கல்லறை இருக்கிறது. அந்தத் திருவிதாங்கூர்ப் படை வழியில் வந்ததுதான் மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-ஆவது பட்டாலியன். குளச்சல் வெற்றித் தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூட்டிப்போனேன். ஒருத்தி சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இவங்க எங்க நின்னு ட்ரில் பண்ணியிருப்பாங்க?" என்று கேட்டாள். மைதானம் இல்லாத கவலை அவளுக்கு.

ஆகவே, வரும் ஜூன் 1-க்குள் அந்த மைதானத்தை ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை எங்களுக்குத் திறந்துவிடவும், நூலகத்தில் வாரம் இரண்டு மாலை இடம் தரவும், சனிக்கிழமைப் பேருந்தை மறுபடி விடவும் சம்பந்தப்பட்ட துறைகளுக்கு உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்றும் ஒன்றாக முடியாவிட்டால் மைதானத்தை முதலில் தாருங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஆங்கிலம் நன்றாகப் பேசும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மாதம் ஒருமுறை வந்தாலும் போதும். அவருக்கு மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு, மீன் குழம்புக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது நேரில் பார்க்க விரும்பினால், எந்த நாள் வேண்டுமானாலும் காலை ஐந்தரைக்கு வரலாம். மே மாதக் கடைசி வரை கடற்கரையில் இருப்போம். ஒப்புதல் கடிதங்கள் 14-ம், என் ராணுவப் பணிச் சான்றின் நகலும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமென்ட்,
மாணவ மாணவியர் மற்றும் பெற்றோர் சார்பாக.