காயலான் கடைக்குப் போகும் முன் ஒரு பென்டிரைவ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துறையூரில் 26 வருடமாகத் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். பத்து மெஷின் ஓடிய கூடத்தில் இன்று நாலு மெஷினும் மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸும் இருக்கின்றன. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுத் தூக்கி வந்து, "மேடம், இது இனி ஓடாதாமே?" என்று கேட்பவர்கள் 2025 அக்டோபருக்குப் பிறகு அதிகமாகிவிட்டார்கள். அந்த மாதம் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அப்டேட் நின்ற செய்தி, ஊர் வந்து சேருவதற்குள் மெஷினே நின்றுவிட்டதாக மாறிவிட்டது. எடைக்குப் போட்டவர்களையும் பார்த்தேன். அதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அரசு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. பிளஸ் டூ படித்த பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த லேப்டாப்தான் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலும் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். இன்றைய விண்டோஸுக்கு இது போதாதுதான். ஆனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய பப்பி லினக்ஸ் போன்ற இலகுவான இலவச சிஸ்டத்துக்கு இது தாராளம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி கௌலர் 2003-இல் வெளியிட்டது பப்பி. பென்டிரைவிலிருந்தே எழும், அதாவது பூட் ஆகும், எழுந்ததும் தன்னை முழுசாக ராமில் ஏற்றிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன லேப்டாப்பிலும் ஓடும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயம்.

பிறகு ஏன் இதை எல்லோரும் செய்வதில்லை? முதல் தடவை எழாது, அதனால்தான். பத்துப் பேர் முயன்றால் ஏழெட்டுப் பேர் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நமக்கு ஒத்து வராது" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். அந்தக் கறுப்புத் திரைக்குக் காரணம் அநேகமாகச் சின்னதாகத்தான் இருக்கும். ஒரு லேப்டாப்பில் நான் பட்ட பாட்டை அப்படியே சொல்கிறேன்.

பூக்கட்டும் ஒரு அம்மா, பி.காம். முதலாண்டு படிக்கும் மகளோடு வந்தார். லேப்டாப் அண்ணன் வாங்கியது. அவன் இப்போது திருப்பூரில் வேலையில் இருக்கிறான். காதை வைத்துக் கேட்டால் ஹார்ட் டிஸ்க் சுவர்க்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்றது. பஜாரில் ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி 500 ரூபாய்க்குக் கேட்டார்களாம். "படிக்கிற புள்ளைக்கு வேணும் டீச்சரம்மா, விக்க மனசில்ல" என்றார் அந்த அம்மா.

அண்ணனின் நண்பன் ஒரு பென்டிரைவைக் கொடுத்து அனுப்பியிருந்தான். அதைச் செருகினாலும் பழைய விண்டோஸ்தான் சுற்றிக்கொண்டு நின்றது. என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலை, பாட்டு காப்பி பண்ணுவது போல அப்படியே காப்பி பண்ணியிருந்தான். எல்லோரும் செய்யும் முதல் தவறு இது. ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் அச்சு. அதை ரூஃபஸ் போன்ற ஒரு மென்பொருளால் பென்டிரைவில் எழுத வேண்டும், காப்பி பண்ணினால் உள்ளே சும்மா கிடக்கும். எழுதும்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண போட்டோ வைத்திருந்த பென்டிரைவோடு வந்தவர்கள் உண்டு. எழுதுவதற்கு முன் இறக்கிய ஃபைல் முழுசா என்று பார்க்கவும் வேண்டும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது பாதியில் அறுந்தாலும் பெயரென்னவோ சரியாகத்தான் இருக்கும். வெளியிட்டவர்கள் எஸ்ஹெச்ஏ256 என்று 64 எழுத்தில் ஒரு குறி கொடுத்திருந்தால், நம் ஃபைலிலிருந்து எடுத்த குறியும் அதுவும் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும்.

ரூஃபஸில் மறுபடி எழுதினேன். இப்போது ஆன் செய்து எஃப் 12 அழுத்தியதும், எதிலிருந்து எழ வேண்டும் என்று கேட்டு வந்த பட்டியலில் பென்டிரைவ் பெயர் தெரிந்தது. தேர்ந்தெடுத்தால் இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டே நிற்கிறது, அவ்வளவுதான். ரூஃபஸில் பென்டிரைவைப் பிரிக்கும் முறை ஜிபிடி என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். ஆன் செய்ததும் முதலில் ஓடி மெஷினை எழுப்பும் நிரல் பழைய மெஷினில் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ. ஜிபிடி யூஇஎஃப்ஐ வகைப் புது மெஷினுக்கு. இந்த லேப்டாப் பழைய பயாஸ் முறையில் எழுவது, அதற்கு எம்பிஆர் என்று மாற்றி எழுத வேண்டும். மாற்றினேன், அடுத்த தடவை நாய்க்குட்டிப் படம் வந்துவிட்டது. அந்தப் பெண் கைதட்டினாள்.

கைதட்டி முடிப்பதற்குள் அதுவும் நின்றது. வரிசையாக ஓடிய எழுத்துகள் ஓரிடத்தில் நின்று, பப்பி அடங்கியிருக்கும் எஸ்எஃப்எஸ் என்ற பெரிய ஃபைலைக் காணோம் என்று ஆங்கிலத்தில் சொன்னது. இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் கைவிடுவது இங்கேதான். பென்டிரைவில்தானே எழுந்தது, அதே பென்டிரைவில் இருக்கும் ஃபைலை எப்படிக் காணோம் என்கிறது? டவுன் பஸ் நம்மை ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போய்விடும், அடுத்த வண்டிக்காரர் நம்மைத் தேடிப் பிடித்து ஏற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா, அது மாதிரி. லினக்ஸின் முதல் துண்டை எடுத்துக் கொடுப்பதோடு பயாஸின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு லினக்ஸ் தன் சொந்த டிரைவர் மென்பொருளைக் கொண்டு பென்டிரைவைப் புதிதாகத் தேடிப் பிடிக்கிறது. பென்டிரைவ் மெதுவாக விழித்தாலோ, அந்தப் போர்ட்டோடு ஒத்துப்போகாவிட்டாலோ காணோம் என்றுதான் சொல்லும். நான் செருகியிருந்தது இடதுபக்கம் உள்ளே நீலமாக இருந்த போர்ட்டில், அதாவது யுஎஸ்பி 3. பிடுங்கி வலதுபக்கம் உள்ளே கறுப்பாக இருந்த யுஎஸ்பி 2-இல் செருகினேன். முக்கால் நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்து நின்றது.

அடுத்தது, எந்த இணையதளமும் திறக்கவில்லை. வைஃபை இருக்கிறது, ஆனால் எதைத் தொட்டாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்ற எச்சரிக்கை. தற்செயலாக மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன். 2012 ஜனவரி 1 என்றது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கிறது. 2012-இல் நிற்கும் லேப்டாப்புக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது. தேதியைச் சரி செய்தவுடன் எல்லாம் திறந்தது. கரண்ட்டை எடுத்தால் மறுபடி 2012. மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அது தீர்ந்தால் எதிலிருந்து முதலில் எழ வேண்டும் என்று பயாஸில் நாம் மாற்றி வைத்த பூட் வரிசையும் மறந்துபோகும். "நேற்று பென்டிரைவில் எழுந்தது, இன்று எழவில்லை" என்று சொல்பவர்கள் முதலில் பயாஸில் தேதியைப் பாருங்கள். ரெண்டு ஒயர் வைத்து பிளாஸ்டிக் உறை போட்ட அந்த பேட்டரிக்கு 150 ரூபாய் ஆனது. அதே கையோடு டிக் டிக் என்ற ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றிவிட்டேன். மதர்போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

மறுநாள் அந்தப் பெண் முகம் வாடி வந்தாள். ஜிஎஸ்டி பற்றி மூன்று பக்கம் அடித்திருக்கிறாள், ஆஃப் பண்ணிப் போட்டதும் காணோம். பப்பி எல்லாவற்றையும் ராமில் வைத்திருக்கும், ஆஃப் பண்ணினால் ராமில் இருப்பது அழிந்துபோகும். முதல் தடவை ஆஃப் பண்ணும்போது சேமிக்கவா என்று கேட்கும், அப்போது சரி என்று சொல்லி பென்டிரைவிலேயே அதற்கு இடம் ஒதுக்கிக்கொடுக்க வேண்டும். அவளோ புரியாமல் வேண்டாம் என்று அழுத்திவிட்டாள். இதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. பக்கத்தில் உட்கார்ந்து, 1 ஜிபி ஒதுக்கிக்கொடுத்து, "பென்டிரைவை ஓடும்போது பிடுங்காதே கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். மூன்று பக்கத்தையும் அங்கேயே திரும்ப அடித்துவிட்டுத்தான் போனாள்.

கொஞ்சம் புதிய மெஷின்களில் வேறு இரண்டு தொல்லை வரும். செக்யூர் பூட் வயலேஷன் என்று சிவப்புக் கட்டம் வந்தால், பயாஸ் (யூஇஎஃப்ஐ) செட்டிங்குக்குள் போய், அங்கீகாரம் இல்லாத சிஸ்டத்தை எழ விடாத செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். சில மெஷினில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தால்தான் அந்த வரியே மாற்ற விடும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், மறந்தால் பெரிய வம்பு. இன்னொன்று, எஃப் 12, எஃப் 9, எஸ்கேப் எதை அழுத்தினாலும் பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் போவது. விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் மெஷின் பொதுவாக முழுசாக அணைவதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்து, திரை கறுத்ததுமே தட்டத் தொடங்கினால் வரும்.

இதில் எல்லாம் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. 2 ஜிபியில் பிரவுசரில் மூன்று டேபுக்கு மேல் திறந்தால் திணறும். விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள் ஓடாது. யூனிகோடு என்ற பொது எழுத்துமுறைக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய தமிழ் ஃபைல்கள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஆனால் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் கட்டுரை அடிக்க, பிடிஎஃப் படிக்க, விண்ணப்பம் போட, ஒரு கல்லூரிப் பிள்ளைக்கு இது போதும்.

கேரளத்துப் பள்ளிகளில் பல வருடமாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. பாஸ் என்ற இந்திய லினக்ஸை உருவாக்கிய, மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் மையம் நம் சென்னையிலேயே இருக்கிறது. நமக்கு இது எட்டாத சங்கதி இல்லை. குறைவது ஒன்றுதான்: எழாமல் நின்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று தமிழில் கையில் கொடுக்க ஒரு தாள் இல்லை. திரையில் வருவதெல்லாம் ஆங்கிலம். புரியாத ஆங்கிலத்தைப் பார்த்ததும் மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் மாணவர் பகுதியில் தேர்வுக் குறிப்பு வரும் இடத்தில் ஒரு நாள் அரைப் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். திரையில் வரும் ஆங்கில வரி, அதன் அர்த்தம், செய்ய வேண்டியது, இவ்வளவு இருந்தால் போதும். வெட்டி வைத்துக்கொள்வார்கள். கிளை நூலகங்களுக்கும் கேட்கிறேன்: எழுதி வைத்த பென்டிரைவ் இரண்டு, அந்தத் தாளின் நகல் ஒன்று மேசையில் இருக்கட்டும், புத்தகம் போல இரவல் கொடுக்கலாம்.

எங்கள் நிலையத்தில் அப்படி மூன்று பென்டிரைவ் எழுதி வைத்திருக்கிறேன். மாலை வகுப்பு முடிந்த பிறகு யார் லேப்டாப்போடு வந்தாலும் உட்கார்ந்து பார்க்கிறேன், காசு வாங்குவதில்லை. சார்ஜரை மட்டும் மறக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள், இந்த வயது லேப்டாப்பில் பேட்டரி நிற்பதில்லை.

இப்படிக்கு,
தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தும் ஒரு வாசகி,
துறையூர்.