லேத் பட்டறைச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நல்லபடியாக நடந்தது. மின் கட்டணம் குறித்து மனு கொடுத்தோம். செயற்குழு இரண்டு முறை ஆள் சேராமல் கலைந்தது.

இந்த ஆண்டு நான் மெனக்கெட்டது ஞாயிறு காலை கம்ப்யூட்டர் டிராயிங் வகுப்புக்கு. பழைய கம்ப்யூட்டர் இரண்டு வாங்கியதை வீண் செலவு என்று சிலர் சொல்வது என் காதுக்கு வந்தது. ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்யும் வேலை) தருகிறவர்கள் இன்று டிராயிங்கை ஃபைலாகத்தான் அனுப்புகிறார்கள். அதைத் திறக்கவே கோவையில் கணபதிக்கும் பீளமேட்டுக்கும் ஆள் தேடி ஓடினால், விலை சொல்வதற்குள் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும்.

கம்ப்யூட்டரில் வரைகிற சாஃப்ட்வேரான ஆட்டோகேடுக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அதே வகையில் இலவசமான ஃப்ரீகேடில் தொடங்கினோம். முதல் நாளே பம்ப் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) வரையப் போய்ப் பட்டறைத் தம்பிகள் திணறிவிட்டார்கள். அது என் தவறு. அடுத்த வாரம் ஒரு ஃபிளாஞ்சை, அதாவது சுற்றிலும் போல்ட் ஓட்டை உள்ள வட்டத் தகட்டை, மேசையில் வைத்தேன். வெர்னியர் அளவுகோலில் அளந்து, பேப்பரில் கையால் வரைந்து, அளவு குறித்த பிறகே மவுஸைத் தொடச் சொன்னேன். வட்டம் போட்டால் மட்டும் போதாது. விட்டத்தையும் மையத்தையும் நகராதபடி அளவு கொடுத்துப் பூட்ட வேண்டும். எல்லாம் பூட்டியதும் கோடுகள் பச்சையாகும். பச்சை வராமல் கனம் கொடுக்கக் கூடாது என்று விதி வைத்தேன். கண்ணளவில் போட்ட ஒரு தம்பி நடு ஓட்டையின் (போர்) அளவை மாற்றியதும் போல்ட் ஓட்டைகள் இடம் நகர்ந்துவிட்டன. அன்றோடு எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மி.மீ.யா அங்குலமா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும். லேசர் கட்டிங்குக்கு நானே மி.மீ.க்குப் பதில் அங்குலம் என்று வைத்து ஒரு ஃபைல் அனுப்பிவிட்டேன். 100 மி.மீ. பிளேட் அங்கே 2,540 என்று காட்டியது. அவர்கள் போன் செய்ததால் தகடு தப்பியது.

முதல் வாரம் 14 பேர் வந்தார்கள். ஐந்தாம் வாரம் 4 பேர். வர விருப்பமில்லாமல் இல்லை. ஞாயிறும் ஷிப்ட் போட்டு நிறுத்திக்கொண்டது நம் உறுப்பினர்கள்தான். இதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு குறைந்ததற்குக் கம்ப்யூட்டர் மட்டும் காரணமல்ல. பாதிப் பேர் சங்கச் சந்தா கட்டவில்லை. நேரில் போய்க் கேட்டால் "அடுத்த வாரம் பாக்கலாங்க" என்கிறார்கள்.

இடம் கொடுத்த மண்டப நிர்வாகத்துக்கும், டீ கொடுத்த கடைக்காரருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

சித்திரையில் மறுபடி தொடங்குகிறோம். இப்போது ஒரு மவுஸுக்கு இரண்டு பேர். பாக்கிச் சந்தா வந்தால் மூன்றாவது கம்ப்யூட்டர் வாங்கலாம். ஆளை விட முடியாதவர்கள் மகனையோ மகளையோ அனுப்பி வையுங்க. கையில் ஒரு வெர்னியரும், உங்கள் பட்டறையில் ஓடும் பார்ட் ஒன்றும் கொடுத்துவிடுங்க.