மேல்விலாசத்தைக் கிழித்துவிட்டு நிருபம் வாசிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு வாசகர் பகுதியில் ஒரு சகோதரர், "வேதம் எல்லாக் காலத்துக்கும் எல்லாருக்கும் உரியது. எந்த ஊருக்கு, யாருக்காக எழுதினார்கள் என்று துருவுவது விசுவாசக் குறைவு" என்று எழுதியிருந்தார். முதல் வாக்கியத்துக்கு நானும் ஆமென் சொல்வேன். இரண்டாவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் 34 வருஷம் தபால்காரனாக வேலை பார்த்தவன்; எங்கள் சபையில் நிருப பாடம், அதாவது பைபிளில் உள்ள கடிதங்களின் பகுதி, வாசிக்கிறவன்.

1980களில் எங்கள் தேரிக்காட்டு ஊர்களில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு உடனே சைக்கிள் ஏறிவிட முடியாது. "வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க தம்பி" என்பார்கள். பம்பாயில் இருக்கும் மகன் போட்ட இன்லேண்டைப் பிரித்துத் திண்ணையில் உட்கார்ந்தால் அக்கம்பக்கமே கூடிவிடும். "பெரியம்மாவையும் சித்தப்பாவையும் மிகவும் கேட்டதாகச் சொல்லவும்" என்ற வரி வரும்வரை ஒருவரும் நகரமாட்டார்கள். ஒருமுறை தன் பெயர் வராத ஒரு பாட்டி, "மடிப்புல எங்கயாச்சும் எழுதியிருப்பான், இன்னொருக்கப் பாருங்க" என்று என் கையிலிருந்த தாளைத் தானே திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது.

புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் 21 நிருபங்கள். அவற்றில் முதலில் எழுதப்பட்டதாக அறிஞர்கள் பலர் கருதுவது, கி.பி. 50 வாக்கில் அப்போஸ்தலர் பவுல் தெசலோனிக்கே ஊர்ச் சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபம். அதன் முடிவில், இதைச் சகோதரர் யாவருக்கும் வாசிக்க வேண்டும் என்று கர்த்தர் பேரில் ஆணையிடுகிறார். ஆளுக்கொரு பிரதி கிடையாது, பெரும்பாலோருக்கு எழுத்தும் தெரியாது. கிரேக்கத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதும் வழக்கமும் அப்போது இல்லை. ஒருவர் பழகி வைத்துக்கொண்டு சத்தமாய் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தைப் பாருங்கள்: "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்." வாசிக்கிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் பலர்.

பவுல் கொரிந்து ஊர்ச் சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. சபையில் சண்டை என்று குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் வந்து சொன்னதாக முதல் அதிகாரத்தில் இருக்கிறது. ஏழாம் அதிகாரம், "நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து" என்று தொடங்குகிறது. அவர்கள் எழுதியது நமக்குக் கிடைக்கவில்லை. பதில் மட்டுமே கையில் இருக்கிறது. பதில் கடிதத்தை மட்டும் வாசிப்பதில் உள்ள ஆபத்து எனக்குத் தெரியும். "சரி என்று சொல்லிவிடுங்கள்" என்று மகன் எழுதியிருப்பான். எதற்குச் சரி? வயலை விற்கவா, தங்கச்சி சம்பந்தத்துக்கா? வீட்டார் என்ன கேட்டு எழுதினார்கள் என்று விசாரிக்காமல் நான் எதையும் விளக்கியதில்லை.

என் அக்காள் மகள் 29 வயதில் புருஷனை இழந்தாள். இரண்டு வருஷம் கழித்து நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தபோது, உறவில் ஒரு பெரியவர் அதே ஏழாம் அதிகாரத்திலிருந்து, கைம்பெண்கள் "என்னைப்போல இருந்துவிட்டால் அவர்களுக்கு நலமாயிருக்கும்" என்ற வரியை எடுத்து நீட்டினார். அந்தச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. அதே அதிகாரத்தில் "இப்பொழுதுள்ள துன்பத்தினிமித்தம்" என்று பவுல் காரணம் சொல்லியிருக்கிறார். காலம் குறுகினது, முடிவு நெருங்கிவிட்டது என்று எண்ணியிருந்த ஒரு சபைக்கு, அந்த நேரத்து நெருக்கடியில் சொன்ன யோசனை அது. அதிகாரம் முடியுமுன், புருஷன் இறந்தபின் அவள் விவாகம்பண்ணிக்கொள்ள விடுதலையானவள் என்றும் எழுதியிருக்கிறார். யாருக்கு, எந்த நிலைமையில் எழுதியது என்று அன்று அந்த வீட்டில் ஒருவராவது கேட்டிருந்தால்! நானும் அங்கேதான் இருந்தேன், கேட்கவில்லை. அப்படிக் கேட்பதையா விசுவாசக் குறைவு என்கிறார் அந்தச் சகோதரர்?

இயேசுவின் வாழ்வைச் சொல்லும் சுவிசேஷங்களும் ஆள் தெரிந்து எழுதியவைதான். லூக்கா, தேயோப்பிலு என்பவருக்கென்று பெயர் சொல்லியே தொடங்குகிறார். யூதர்கள் கைகழுவும் வழக்கத்தை மாற்கு நின்று விளக்குகிறார். மத்தேயு அதே சம்பவத்தில் அந்த விளக்கத்தைத் தரவில்லை. கேட்கிறவர்கள் வேறு. இந்த 27 புத்தகங்களையும் மட்டும் ஒரே பட்டியலாக அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியு எழுதியது 367ஆம் ஆண்டில். அதுவரை ஏறக்குறைய முந்நூறு வருஷம் இவை ஊர் ஊராகக் கைமாறிப் படியெடுக்கப்பட்டவை.

அரசாங்கத் தபால் ரோமப் பேரரசில் அரசாங்க வேலைக்கு மட்டும்தான். மற்றவர்கள் பயணம் போகிற ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தைக் கொண்டுபோனவர் கெங்கிரேயா ஊர்ச் சபையின் பெபேயாள் என்று பலர் கருதுகிறார்கள். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. அவரும் தன் பெயரில் ஒரு வரி வாழ்த்துச் சேர்த்திருக்கிறார். கடிதம் எழுதிக்கொடுக்கிறவர்கள் எங்கள் ஊரிலும் அந்நாளில் அப்படித்தான் செய்வார்கள்.

போன மாதம் ரோமர் நிருபத்தின் கடைசியான பதினாறாம் அதிகாரம் எனக்குப் பாடமாக வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். "பேரையெல்லாம் விட்டுருங்க, நேரமாச்சு" என்றார்கள். நான் விடவில்லை. "ரூபையும், எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும் வாழ்த்துங்கள்" என்று பதின்மூன்றாம் வசனம் சொல்கிறது. அந்த அம்மாளின் பெயரைப் பவுல் எழுதவில்லை. ஆனாலும் ரோமாபுரியில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ அந்த வரியைச் சத்தமாய் வாசித்தபோது அவர் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பார். அதை மட்டும் நான் இரண்டு தரம் வாசித்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.