சுஸ்தாலில் தங்கவைப்பதாகச் சொல்லி விளாதிமிரில் இறக்கிவிட்டது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா,

வணக்கம். மாஸ்கோவுக்கு வடகிழக்கே உள்ள பழைய ஊர்களைச் சுற்றும் உங்கள் கோல்டன் ரிங் பேக்கேஜில் நண்பர்களோடு ரஷ்யா போய்வந்தவன் நான். பதிவு எண்ணைக் கேட்காதீர்கள், அது உங்கள் எல்லாப் பிரிவிலும் இருக்கிறது. போனில் கேட்டால் மெயில் போடச் சொல்கிறார்கள். மெயில் போட்டால் கிளையில் கேளுங்கள் என்று பதில் வருகிறது. கிளையில் போய் நின்றால் ஃபைல் தலைமை அலுவலகத்தில் இருக்கிறதாம். அதனால்தான் இந்தக் கடிதம் ஸ்பீடு போஸ்டில் வருகிறது.

விஷயம் இதுதான். உங்கள் பயணத் திட்டத்தில் "சுஸ்தாலில் இரண்டு இரவுகள்" என்று அச்சடித்திருக்கிறது. எங்களுக்கு ரூம் போட்டது விளாதிமிரில். அங்கிருந்து சுஸ்தால் சுமார் 30 கிலோமீட்டர். கேட்டதற்கு உங்கள் வாடிக்கையாளர் சேவை இளைஞர் ஒருவர் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டும் ஒண்ணுதான் சார். யுனெஸ்கோவே விளாதிமிர், சுஸ்தால்னு சேர்த்துத்தானே போட்டிருக்கு!"

ஆமாம், 1992-ல் இரண்டு ஊர்களின் வெள்ளைக்கல் கட்டடங்களையும் சேர்த்துத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டார்கள். அதற்காக இரண்டும் ஒரே ஊராகிவிடுமா? தஞ்சாவூரில் தங்கவைப்பதாகப் பணம் வாங்கிவிட்டுத் திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் ரூம் போட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? விளாதிமிர் மூன்றரை லட்சம் பேர் இருக்கிற ஊர், டிரான்ஸ் சைபீரியன் ரயில் போகிற வழி. எங்கள் ஜன்னலுக்குக் கீழே ராத்திரி முழுக்க லாரி. சுஸ்தாலுக்கு ரயிலே கிடையாது, அங்கே பத்தாயிரம் பேர்கூட இல்லை. அந்த அமைதிக்குத்தானே ஐயா நாங்கள் பணம் கட்டினோம்!

பகலில் சுஸ்தாலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாஸ்கோவிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். சாயங்காலம் அந்தக் கூட்டம் கிளம்பிய பிறகுதான் அது பழைய ஊராகிறது. கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். காமென்கா ஆற்றங்கரையில் நடக்கலாம் என்று உங்கள் விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் கரையில் இறங்கிய நேரத்தில் டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். அவருக்கு ரஷ்ய மொழி மட்டும்தான் தெரியும். வருவதாகச் சொன்ன கைடு கடைசிவரை வரவேயில்லை. உங்கள் "24 மணி நேர" உதவி எண்ணுக்கு அங்கே மாலை நாலரைக்குக் கூப்பிட்டேன். நம் ஊரில் அப்போது ஏழு மணி. அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று பதிவுக் குரல் சொன்னது.

அந்த இளைஞரிடமே திரும்பி வருகிறேன், என்னால் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை. எங்களோடு வந்த நண்பர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். 1612-ல் மாஸ்கோவைப் போலந்துப் படையிடமிருந்து மீட்ட இளவரசர் பொஷார்ஸ்கியின் கல்லறை சுஸ்தாலின் எவ்ஃபிமி மடத்தில் இருக்கிறது. ஸ்டாலின்கிராடில் சரணடைந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் பவுலுஸை 1943-ல் சிறைவைத்திருந்ததும் அதே மடத்தில்தான். அந்த மடத்தைப் பார்க்கவே எங்கள் நண்பர் வந்தார். நீங்கள் எங்களுக்குக் குறித்துக் கொடுத்த நாள், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்த மடத்துக்கு வார விடுமுறை! வருஷம் முழுக்க அதே டூரை விற்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? பூட்டிய கதவு முன்னால் நின்று போன் செய்தால் அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "வெளியிலிருந்து பார்த்தா என்ன, உள்ளே போய்ப் பார்த்தா என்ன சார், எல்லாம் பழைய சர்ச்தானே" என்றார். அப்புறம் லைனை ஹோல்டில் போட்டுப் பாட்டுப் போட்டுவிட்டார். என் ரோமிங் காசில் உங்கள் விளம்பரப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சுஸ்தால் கிரெம்ளின், அதாவது பழைய கோட்டையின், கதீட்ரலின் நீலக் குவிமாடங்களையும் தங்க நட்சத்திரங்களையும் வெளியிலிருந்து பார்த்தோம், அதற்கு நன்றி. கிதெக்ஷா கிராமத்துக்குப் போகவில்லை. அங்கே இருப்பது மாஸ்கோவை நிறுவியவராகச் சொல்லப்படும் யூரி தோல்கோருக்கியின் காலத்து வெள்ளைக்கல் தேவாலயம், 1152-ல் கட்டியது, சுஸ்தாலிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். டிரைவரிடம் காட்டிய பட்டியலில் அது இல்லையாம். எங்களிடம் இருக்கும் பட்டியலில் இருக்கிறதே?

இன்னொன்று. புறப்படும் முன் நீங்கள் தந்த குறிப்பில் "விசா, மாஸ்டர்கார்டு எங்கும் செல்லும்" என்று இருந்தது. வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த அந்தக் கார்டுகள் 2022 மார்ச்சிலிருந்து ரஷ்யாவில் செல்லாது. அது எந்தக் காலத்துக் குறிப்பு ஐயா? அவசரத்துக்கு வைத்திருந்த டாலரை மாற்றித்தான் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பியதும், "நேரில் வாங்க, முடித்துவிடலாம்" என்று உங்கள் கிளையில் சொன்னதை நம்பி, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து சென்னை வந்தேன். மதியம் வரை சோபாவில் உட்கார வைத்தார்கள். கடைசியில் வந்த அம்மா கையில் கொடுத்தது துருக்கி டூர் துண்டுப் பிரசுரம்.

உங்கள் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. நல்லபடியாக முடித்துக்கொள்ளவே விரும்புகிறேன். பேக்கேஜ் தொகை முழுவதையும் திருப்பித் தர வேண்டும். மன உளைச்சலுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் கேட்கிறோம். இது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த வயதில், முழங்கால் வலியோடு, எங்கள் கூட்டம் மறுபடி ஒன்றுசேர்ந்து ரஷ்யா போகுமா? வாழ்க்கையில் ஒருமுறை கிடைத்ததை லாரிச் சத்தத்தில் கழித்தோம். அந்த இளைஞர் எங்கள் ஆசிரியர் நண்பரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட இது எனக்கு முக்கியம்.

பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும், அடுத்து நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கை நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இந்த முறை நீங்கள்தான் ரயில் ஏறித் திருச்சிக்கு வர வேண்டியிருக்கும். வவுச்சர், போன் அழைப்புப் பட்டியல், பூட்டிய கதவின் போட்டோ எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர், நண்பர்கள் சார்பாக

பின்குறிப்பு: துருக்கி டூருக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பி இதை முடிக்கப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே வந்த கூப்பனை இதோடு திருப்பி இணைத்திருக்கிறேன்.